சோதனைக்கு வருபவர் பகைவரா?

(பாலவனத்தத்தில் இளைஞர்களும் வணிகர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



     

இட ஒதுக்கீடு பற்றியோ வக்ஃபு சொத்துகள் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருப்பீர்கள். அவற்றைப் பேச வேறு மேடைகள் இருக்கின்றன. இன்று நான் பேச வந்தது ஓர் ஊசியைப் பற்றி, ஒரு பாட்டிலைப் பற்றி, நம் தெருமுனையில் இருக்கும் கிளினிக்கைப் பற்றி. இதெல்லாம் ஒரு சமுதாய இயக்கத்தின் வேலையா என்று சில சகோதரர்கள் முகம் சுளிக்கலாம். முழுவதும் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

முதலில் ஒரு தவறை ஒப்புக் கொள்கிறேன். அது என்னுடைய தவறு.

கொஞ்ச காலத்துக்கு முன் ஓர் இரவு எனக்குத் தொலைபேசி வந்தது. ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் சொல்ல மாட்டேன். "பாய், நம்ம டாக்டர் கிளினிக்கில அதிகாரிங்க வந்து சோதனை போட்டுட்டாங்க. நோட்டீஸ் ஒட்டிட்டாங்க. நம்மாளுன்னு தெரிஞ்சுதான் செய்யறாங்க. விடக்கூடாது பாய்!" என்று ஒரு தம்பி கொதித்தான். எனக்கும் இரத்தம் கொதித்தது. தொலைபேசியை வைத்ததும் சுவரொட்டிக்கான வாசகத்தை எழுதத் தொடங்கிவிட்டேன். 'சிறுபான்மை மருத்துவர் மீது பழிவாங்கும் நடவடிக்கையா?' என்று தலைப்பும் போட்டாகிவிட்டது. நம் கை அதற்குப் பழகியிருக்கிறது சகோதரர்களே! எத்தனையோ முறை நம் மீது உண்மையாகவே அநீதி நடந்திருப்பதால், எந்த அதிகாரி வாசலில் நின்றாலும் அநீதிதான் வந்து நிற்கிறது என்று மனம் எண்ணிவிடுகிறது.

மறுநாள் காலை நேரில் போனேன். அந்த நோட்டீஸை வாங்கிப் படித்தேன். பயன்படுத்திய ஊசிகள் அட்டைப் பெட்டியில் கிடந்தன. கருவிகளைக் கிருமி நீக்கும் இயந்திரம் பழுதாகிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பலருக்கும் எடுத்துப் போடும் மருந்துப் புட்டியில் திறந்த தேதி எழுதப்படவில்லை. ஊசி போட்டுக் கொண்டிருந்த இரண்டு பையன்களும் எந்தப் பயிற்சியும் பெறாதவர்கள். பதிவுச் சான்றிதழ் சுவரில் இல்லை. டாக்டரிடம், "இதெல்லாம் பொய்யா?" என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் மேசையில் இருந்த பேனாவைத் திருகிக் கொண்டே இருந்தார். அதே வாரத்தில் அதே ஊரில் வேறு நான்கு கிளினிக்குகளிலும் சோதனை நடந்திருக்கிறது, அவற்றில் எதுவும் நம்மவருடையது அல்ல என்பதையும் அங்கேதான் தெரிந்து கொண்டேன்.

சுவரொட்டியைக் கிழித்துப் போட்டேன். அதைச் சொல்லிப் பெருமைப்பட ஒன்றுமில்லை. ஓர் இரவு முழுக்க அது என் சட்டைப்பையில் இருந்ததே, அதுதான் வெட்கம். அந்த டாக்டர் இப்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டார். ஆனால் என் ஸலாமுக்கு இன்னும் அரைகுறையாகத்தான் பதில் சொல்கிறார். அவருக்காக நான் நிற்கவில்லை என்ற கோபம். இருக்கட்டும்.

வாணியம்பாடி சொல்லும் பாடம்

இனி வாணியம்பாடிக்கு வருவோம். தோல் வணிகத்தாலும் 1919இல் தொடங்கிய இஸ்லாமியாக் கல்லூரியாலும் நம் சமுதாயத்தில் பெயர் பெற்ற ஊர். நம் பெரியவர்கள் பலர் அங்கே சம்பந்தம் செய்திருக்கிறார்கள். அந்த ஊரின் ஒரு பல் கிளினிக்கில் நடந்ததை இங்கே எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். மூன்று, நான்கு பேர். அவ்வளவுதான்!

2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை தமிழகத்தின் வட மாவட்டங்களில் 21 பேருக்கு ஒரு விசித்திரமான மூளை நோய் கண்டது. காய்ச்சல், தலைவலி, முகம் ஒரு பக்கம் கோணுதல், பேச்சு குழறுதல். வேலூர் சி.எம்.சி. மருத்துவர்களும், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்தவர்களும், தமிழகப் பொது சுகாதாரத் துறையினரும் சேர்ந்து துருவித் துருவி ஆராய்ந்தார்கள். மெலியாய்டோசிஸ் என்பது நோயின் பெயர். மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழும் ஒரு பாக்டீரியாவினால் வருவது. அந்த 21 பேரில் 10 பேர் ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் மரணமடைந்தார்கள். கிளினிக்குக்குப் போகாமல் நோய் வந்த 11 பேரில் இறந்தவர் ஒருவர்தான்.

எட்டுப் பேர்! பல்வலிக்குப் போனவர்கள்! பல்வலியால் யாராவது சாவார்களா?

எப்படி நடந்தது? இதைக் கவனமாகக் கேளுங்கள். பல் பிடுங்கும்போதும் ஈறைக் கீறும்போதும் வாயைக் கழுவ உப்புநீர் பாட்டில் வைத்திருப்பார்கள். நாம் 'சலைன்' என்கிறோமே, அதுதான். அந்தப் பாட்டிலின் மூடியைக் கிருமி நீக்காத ஓர் அறுவைக் கருவியால் குத்தித் திறந்திருக்கிறார்கள். பிறகு வாயைப் பஞ்சால் லேசாக அடைத்து வைத்துவிட்டு, அடுத்த நோயாளிக்கும் அதே பாட்டிலை எடுத்திருக்கிறார்கள். ஆய்வாளர்களின் கை சுட்டியது இதைத்தான். திறந்த காயத்தில் போன கிருமி முகத்து நரம்புகளின் வழியே மூளைக்கு ஏறியிருக்கிறது. நோய்க்குறி தெரிந்த நாளிலிருந்து இரண்டு வாரம் சொச்சத்தில் சாவு. இந்த ஆய்வு 2025 மே மாதம் லான்செட் குழுமத்தின் தென்கிழக்கு ஆசிய இதழில் வெளிவந்த பிறகுதான் செய்தித்தாள்கள் இதைப் பெரிதாக எழுதின. இறந்தவர்கள் இறந்து இரண்டு ஆண்டுகள் கழிந்த பிறகு!

ஒரு பாட்டில் சலைன் என்ன விலை? நம் கடைகளில் ஒரு வேளைக்கு வாங்கும் டீ, வடைக் காசு. அதை மிச்சம் பிடித்ததில் எட்டுக் குடும்பங்கள் சிதைந்தன. அந்தப் பல் மருத்துவர் கொலை செய்ய நினைத்தவர் என்று நான் சொல்லவில்லை. வருவோரை எல்லாம் அன்பாகக் கவனித்தவராகவும் இருக்கலாம். அன்பு பாட்டிலைச் சுத்தமாக்காது சகோதரர்களே! யாராவது ஒருவர் ஒரு நாள் உள்ளே வந்து, "இந்தப் பஞ்சு ஏன் இங்கே இருக்கிறது?" என்று கேட்டிருந்தால் போதும். அந்தக் கேள்விக்குப் பெயர்தான் சோதனை. அங்கே சோதனை, சாவுக்குப் பிறகு வந்தது. சாவுக்குப் பிறகு வரும் சோதனைக்குப் பிரேதப் பரிசோதனை என்றுதான் பெயர்!

சாத்தூரும் சிவகாசியும் எவ்வளவு தூரம்?

வாணியம்பாடி தூரம் என்பீர்கள். நம் மாவட்டத்துக்கே வருகிறேன். 2018 டிசம்பர் 3 அன்று சாத்தூர் அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிப் பெண்ணுக்கு இரத்தம் ஏற்றினார்கள். சிவகாசி அரசு மருத்துவமனை இரத்த வங்கியிலிருந்து வந்த இரத்தம். 'பரிசோதிக்கப்பட்டது, பாதுகாப்பானது' என்று சீட்டு ஒட்டிய இரத்தம். அதில் எச்.ஐ.வி. இருந்தது!

இந்த விவரம் எப்படி வெளியே வந்தது தெரியுமா? எந்த அதிகாரியும் கண்டுபிடிக்கவில்லை. இரத்தம் கொடுத்தவர் 19 வயது இளைஞர். உறவினருக்காகக் கொடுத்தவர். வெளிநாட்டு வேலைக்காக மதுரையில் மருத்துவப் பரிசோதனை செய்தபோது தனக்குத் தொற்று இருப்பது தெரிந்தது. மறைத்துவிட்டு இருந்திருக்கலாம். யார் கேட்கப் போகிறார்கள்? அந்தப் பிள்ளை மறைக்கவில்லை. என் இரத்தத்தை யாருக்கும் ஏற்றிவிடாதீர்கள் என்று தானே போய்ச் சொன்னார். அதற்குள் ஏற்றியாகிவிட்டது. மனமுடைந்த அந்த இளைஞர் தன் உயிரை மாய்த்துக் கொள்ள முயன்று, அந்த டிசம்பர் முடிவதற்குள் மதுரை மருத்துவமனையில் இறந்து போனார். 2019இல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்தப் பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அவருக்குப் பிறந்த குழந்தைக்குத் தொற்று இல்லை என்பது ஒன்றுதான் இந்தக் கதையில் ஆறுதல்.

நம் இளைஞர்கள் இரத்ததானத்தில் முன்னணியில் நிற்பவர்கள். நள்ளிரவில் போன் வந்தாலும் பைக்கை எடுத்துக் கொண்டு ஓடுகிறீர்கள். மதம் பார்க்காமல் கொடுக்கிறீர்கள். அல்லாஹ் அதற்குக் கூலி தருவான். ஆனால் கொடுத்துவிட்டு வந்ததோடு கடமை முடிந்ததா? என் இரத்தத்தைச் சோதித்தீர்களா, முடிவு என்ன என்று இரத்த வங்கியில் கேட்டவர் நம்மில் எத்தனை பேர்? இனிக் கேளுங்கள். உங்களுக்காகவும் கேளுங்கள், உங்கள் இரத்தம் போய்ச் சேரும் அந்த முகம் தெரியாத தாய்க்காகவும் கேளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். வாணியம்பாடியில் தவறு தனியார் கிளினிக்கில் நடந்தது. இங்கே நடந்தது அரசு இடத்தில். தனியார் என்றால் கொள்ளை, அரசு என்றால் அலட்சியம் என்று பேசிவிட்டுப் போவது மேடைக்குச் சுலபம். சோதனை இரண்டு இடத்துக்கும் வேண்டும்.

முஸ்லிம் நாடு என்று சொல்லிக் கொள்ளும் பாகிஸ்தானைப் பாருங்கள். சிந்து மாகாணத்தில் லார்க்கானா மாவட்டத்து ரத்தோதேரோ என்ற சிற்றூர். 2019 ஏப்ரலில் பச்சைக் குழந்தைகளுக்குக் காய்ச்சல் விடவில்லை என்று சோதித்தால், எச்.ஐ.வி.! தாய்க்கு இல்லை, தகப்பனுக்கு இல்லை, பிள்ளைக்கு இருக்கிறது. அந்த ஜூன் இறுதிக்குள் முப்பதாயிரம் பேரைச் சோதித்ததில் 876 பேருக்குத் தொற்று. ஐந்தில் நான்கு பேருக்கு மேல் 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள். பயன்படுத்திய சிரிஞ்சையே மறுபடி மறுபடி பயன்படுத்தியதுதான் முக்கியக் காரணம். நம் நாட்டிலும் உத்தரப் பிரதேசத்தில் உன்னாவ் மாவட்டத்தில், சைக்கிளில் வீடு வீடாகப் போய் மலிவாக ஊசி போட்ட ஒரு போலி மருத்துவரால் பலருக்கு எச்.ஐ.வி. பரவியது 2018 தொடக்கத்தில் வெளிப்பட்டது. கிருமி யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டுக் கொண்டு வருவதில்லை.

கோதுமைக் குவியலில் கை விட்ட தலைவர்

வணிகச் சகோதரர்களே! உங்களுக்கு இது புதிய செய்தி அல்ல. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் கடைத்தெருவில் நடந்து போகிறார்கள். ஒரு தானியக் குவியல். மேலே பார்த்தால் காய்ந்திருக்கிறது. அவர்கள் கையை உள்ளே விடுகிறார்கள். விரல்களில் ஈரம். என்ன இது என்று கேட்கிறார்கள். மழையில் நனைந்துவிட்டது என்கிறார் வியாபாரி. அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்டுவிட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சேர்ந்தவர் அல்லர் என்ற கருத்தில் கடுமையாக எச்சரிக்கிறார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. ஜும்ஆ மேடையில் நூறு முறை கேட்டிருக்கிறோம். ஒன்றை மட்டும் கவனிக்கத் தவறிவிட்டோம். ஒரு சமுதாயத்தின் தலைவர் மேலே பார்த்துவிட்டுப் போகவில்லை. கையை உள்ளே விட்டார்! சோதனை செய்தார்! அந்த வியாபாரியும் நம்மவர்தான், ஆனால் அதற்காக அவர்கள் விட்டுவிடவில்லை.

மருத்துவம் தெரியாமல் மருத்துவம் பார்ப்பவர், விளையும் கேட்டுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் அபூதாவூதில் நபிமொழி இருக்கிறது. இந்த அடிப்படையில்தான் கி.பி. 931இல் பாக்தாதில் ஒரு காரியம் நடந்தது. மருத்துவர் ஒருவரின் தவறால் ஒரு நோயாளி இறந்து போன செய்தி கலீஃபா முக்ததிருக்கு எட்டியது. தேர்வு எழுதித் தேறாமல் யாரும் வைத்தியம் பார்க்கக் கூடாது என்று ஆணை பிறந்தது. ஸினான் பின் ஸாபித் என்ற தலைமை மருத்துவர் பாக்தாத் வைத்தியர்களை எல்லாம் வரிசையில் உட்கார வைத்துச் சோதித்தார். எண்ணூற்றுக்கும் மேற்பட்டோர்! உலகின் பல பகுதிகளில் வைத்தியத்துக்கு உரிமம் என்ற பேச்சே இல்லாத காலம் அது.

அதில் ஒரு சுவையான சம்பவத்தைப் பழைய வரலாற்று நூல்கள் சொல்கின்றன. நல்ல உடை, நல்ல தாடி, பார்த்தாலே எழுந்து மரியாதை செய்யத் தோன்றும் ஒரு பெரியவர் தேர்வுக்கு வந்தார். உட்கார்ந்ததும் பொற்காசுகளை எடுத்து ஸினான் முன் வைத்தார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பிள்ளை குட்டிக்காரன், என் பிழைப்பைக் கெடுத்துவிடாதீர்கள் என்றார். ஸினான் சிரித்துவிட்டார். தெரியாத நோயைத் தொடக்கூடாது, இரத்தம் எடுக்கக்கூடாது, பேதி மருந்து கொடுக்கக்கூடாது என்று நிபந்தனை போட்டார். என் வாழ்நாளில் சர்பத்தைத் தாண்டி நான் எதுவும் கொடுத்ததில்லை ஐயா என்றார் பெரியவர். போகட்டும் என்று விட்டார். மறுநாள் ஓர் இளைஞர் வந்தார். யாரிடம் படித்தாய் என்று கேட்டால், நேற்று வந்தாரே, அவர்தான் என் தந்தை, அவரிடம்தான் படித்தேன் என்கிறார்!

சிரிக்கிறீர்கள். நம் ஊர்ப்பக்கமும் இந்தப் பெரியவர் இருக்கிறாரே! முப்பது ஆண்டுகள் ஒரு டாக்டரிடம் கம்பவுண்டராக இருந்துவிட்டுத் தனியே பெட்டி போட்டவர். இராத்திரி பத்து மணிக்கும் கதவைத் தட்டினால் வருவார். காசு இல்லையென்றால் கடன் சொல்லலாம். அருப்புக்கோட்டை அரசு மருத்துவமனைக்குப் போனால் பஸ் செலவு, ஒரு நாள் கூலி, வரிசை. தறியில் உட்காருபவருக்கும், திருச்சுழிப் பக்கம் கருவேலங்கரி மூட்டம் போடுபவருக்கும் ஒரு நாள் கூலி என்பது ஒரு நாள் அடுப்பு. அதனால்தான் அவரிடம் போகிறார்கள். மடமையால் போகிறார்கள் என்று படித்தவர்கள் பேசுவது எனக்குப் பிடிப்பதில்லை. ஆனால் ஒன்று. பாக்தாத் பெரியவர் சர்பத்தோடு நிறுத்திக் கொண்டார். நம்மவர் நிறுத்துவதில்லை. காய்ச்சல் என்றால் ஊசி, அசதி என்றால் குளுக்கோஸ் பாட்டில். நாமும் கேட்டு வாங்குகிறோம். "ஒரு ஊசி போட்டாத்தானே தம்பி உடம்பு கேட்கும்" என்று என் மாமியே என்னிடம் சொல்கிறார். மாத்திரையில் தீரும் நோய்க்கு ஊசி கேட்பது நாம் அவருக்குக் கொடுக்கும் உரிமம்.

சட்டம் இன்று கடுமையாக இருக்கிறது. 2019ஆம் ஆண்டு தேசிய மருத்துவ ஆணையச் சட்டப்படி பதிவு இல்லாமல் மருத்துவம் செய்தால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தமிழகத்தில் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் சட்டம் 1997இலேயே வந்துவிட்டது. அதற்கான விதிகள் எப்போது வந்தன? 2018இல்! இருபத்தொரு ஆண்டுகள் சட்டம் அலமாரியில் தூங்கியது. இரண்டு கழக ஆட்சிகளுக்கும் இதில் பங்கு உண்டு. இப்போது ஒரே ஒரு டாக்டர் உட்காரும் சிறு கிளினிக்காக இருந்தாலும் மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநரிடம் பதிவு செய்தாக வேண்டும்.

தராசுக்கு முத்திரை, கத்திக்கு?

உங்கள் கடைத் தராசை எடுத்துக் கொள்ளுங்கள். மின்னணுத் தராசு என்றால் ஆண்டுதோறும் தொழிலாளர் துறையிடம் முத்திரை வாங்குகிறீர்கள். முத்திரை இல்லாவிட்டால் அபராதம். பத்துக் கிராம் சீரகம் குறைந்தால் கேட்க ஓர் அதிகாரி இருக்கிறார். கத்தியும் ஊசியும் சுத்தமா என்று பார்க்க வரும் அதிகாரியை மட்டும் நாம் ஏன் பகைவராகப் பார்க்க வேண்டும்?

அதிகாரிகள் எல்லாம் மலக்குகள் என்று நான் சொல்ல வரவில்லை. மாமூல் வாங்கிக் கொண்டு கண்ணை மூடுபவர் இருக்கிறார். வேண்டுமென்றே ஒருவரை மட்டும் குறிவைப்பவரும் இருக்கிறார். அதற்கும் வழி உண்டு. என்ன குறை என்று எழுத்தில் கேளுங்கள். அதே வட்டாரத்தில் வேறு எங்கெல்லாம் சோதனை நடந்தது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். நம் மீது மட்டும் பாய்ந்தது உண்மை என்றால், இந்த இயக்கம் தெருவில் இறங்கும், முதல் ஆளாக நான் வருவேன். ஆனால் முதலில் நோட்டீஸைப் படித்துவிட்டு இறங்குவோம்!

இப்போது இளைஞர்களுக்கு. நீங்கள் டாக்டர் அல்ல, அதிகாரி அல்ல. ஆனாலும் உங்கள் அத்தாவை, அம்மாவைக் கூட்டிக் கொண்டு போகும்போது உங்களுக்குக் கண் இருக்கிறது. ஊசி போடும்போது புது உறையை உங்கள் கண் முன் பிரிக்கிறார்களா? போட்டு முடித்த ஊசியை வெள்ளை நிறக் குத்துப்படாத டப்பாவில் போடுகிறார்களா, குப்பைக் கூடையிலா? 2016ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளின்படி பஞ்சுக்கும் கட்டுத்துணிக்கும் மஞ்சள், சிரிஞ்சு, குழாய்க்குச் சிவப்பு, ஊசிக்கு வெள்ளை, கண்ணாடிப் புட்டிக்கு நீலம். நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு மேல் தேக்கி வைக்கக் கூடாது. கண்மாய்க் கரையிலோ கருவேலங்காட்டிலோ சிரிஞ்சு கிடந்தால் ஏதோ ஒரு கிளினிக் நம் பிள்ளைகள் விளையாடும் இடத்தைக் குப்பைத் தொட்டியாக்கியிருக்கிறது என்று பொருள். அதைத் தொடாதீர்கள். புகைப்படம் எடுத்து ஊராட்சியிலும் சுகாதார ஆய்வாளரிடமும் கொடுங்கள்.

பல் பிடுங்கப் போனால், காயத்துக்குத் தையல் போடப் போனால், கருவிகள் எப்படிக் கிருமி நீக்கப்படுகின்றன என்று கேளுங்கள். வெந்நீரில் கொதிக்க வைத்தோம் என்றால் போதாது. ஆட்டோகிளேவ் என்ற இயந்திரம் நம் வீட்டுப் பிரஷர் குக்கரின் அண்ணன். குக்கரில் ஏன் கறி சீக்கிரம் வேகிறது? அழுத்தத்தில் நீராவியின் சூடு நூறு டிகிரியைத் தாண்டுகிறது. அதுபோல 121 டிகிரி சூட்டில் கால் மணி நேரமாவது இருந்தால்தான், கொதிநீருக்கும் சாகாத கிருமி விதைகள் சாகும். கருவிப் பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் நாடாவில் கோடுகள் கறுத்திருந்தால் அது சூட்டில் போய் வந்தது என்று அடையாளம். அந்த நாடாவைக் காட்டுங்கள் என்று கேட்க எம்.பி.பி.எஸ். படிக்க வேண்டியதில்லை. மரியாதையாகக் கேளுங்கள். நல்ல டாக்டர் கோபப்பட மாட்டார். கோபப்பட்டால், அடுத்த கிளினிக்குக்கு நடையைக் கட்டுங்கள்.

கட்டிடத்தையும் பாருங்கள். 2024 டிசம்பரில் திண்டுக்கல்லில் ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேர் இறந்தார்கள். கடைக்கு மேல் மாடியில் கிளினிக்குக்கு வாடகைக்கு விட்டிருக்கும் சகோதரர்கள் இங்கே இருக்கிறீர்கள். மாடிப்படியில் சரக்கு மூட்டையை அடுக்கி வைத்திருந்தால் நாளைக்கே எடுத்து விடுங்கள். வாடகை ஒப்பந்தம் போடுமுன் டாக்டரின் பதிவு எண்ணைக் கேளுங்கள். போலி மருத்துவருக்கு அதிக வாடகைக்கு இடம் கொடுத்துவிட்டு, அந்தக் காசில் ஜகாத் கணக்குப் பார்க்காதீர்கள்.

முதலில் நம் வீட்டுக் கதவு

கடைசியாக, சங்கடமான பகுதிக்கு வருகிறேன். மேடையில் இருப்பவர்களுக்கே பிடிக்காமல் போகலாம்.

நாம் நடத்தும் இலவச முகாம்கள்! சர்க்கரை நோய்ப் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். கூட்டம் அலைமோதுகிறது, படம் எடுத்துப் பத்திரிகைக்கு அனுப்புகிறோம். விரலில் குத்தும் ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதா? பேனா போல அழுத்திக் குத்தும் கருவி ஒன்றையே வரிசையில் நின்ற எல்லோருக்கும் வைத்தால், ஊசியை மாற்றினாலும் கருவியின் முனையில் ஒட்டிய இரத்தத்தின் வழியே மஞ்சள் காமாலைக் கிருமி ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகும். ஹெபடைட்டிஸ் பி என்பது அதுதான். நான் கலந்து கொண்ட ஒரு முகாமில் மதியத்துக்கு மேல் குத்தூசி தீர்ந்து போனது. "ஸ்பிரிட்டில் துடைத்துக் குத்தலாம் பாய், வந்தவங்களைத் திருப்பி அனுப்பினா கெட்ட பேரு" என்றார் ஒரு சகோதரர். நல்ல வேளையாக நர்ஸ் பெண் ஒருத்தி பையைத் தூக்கிக் கொண்டு எழுந்து நின்றுவிட்டாள். அந்தப் பெண்ணுக்கு இருந்த துணிச்சல் அன்று நிர்வாகிகளான எங்களுக்கு இல்லை.

இந்த ஊரின் ஜமீன்தாராக இருந்தவர் பாண்டித்துரைத் தேவர். 1901இல் மதுரையில் நான்காம் தமிழ்ச் சங்கத்தை நிறுவியவர். திருக்குறளைத் தம் விருப்பத்துக்குத் திருத்தி ஒருவர் அச்சிட்டபோது, அந்தப் பிழைப் பதிப்பு மக்கள் கைக்குப் போகக் கூடாது என்று அத்தனை பிரதிகளையும் தம் காசு கொடுத்து வாங்கி எரித்தார் என்று இந்தப் பக்கத்தில் சொல்வார்கள். புத்தகத்தில் வந்த பிழைக்கே கைக்காசைச் செலவழித்த மனிதர் வாழ்ந்த மண்ணில் நின்று பேசுகிறோம். தேதி கடந்த மருந்தையும் திறந்த பாட்டிலையும் வீணாகிறதே என்று எடுத்து வைக்கும் கைகளுக்கு இதைச் சொல்கிறேன்.

இந்த வட்டாரத்தில் ஏழைகளுக்கு ஒரு கிளினிக் தொடங்க வேண்டும் என்று வணிகச் சகோதரர்கள் விருப்பம் தெரிவித்திருக்கிறீர்கள். அல்ஹம்துலில்லாஹ்! போலி மருத்துவரை விரட்டினால் மட்டும் போதாது, இரவில் தட்டினால் திறக்கும் ஒரு கதவும் வேண்டும். ஆனால் என் சம்மதத்துக்கு நிபந்தனை உண்டு. முதல் செலவு கட்டிடத்துக்கு அல்ல, ஆட்டோகிளேவுக்கு. கழிவை எடுத்துச் செல்லும் நிறுவனத்தோடு ஒப்பந்தம் கையெழுத்தாகி, பதிவுச் சான்றிதழ் கைக்கு வந்த பிறகுதான் திறப்பு விழா. அழைப்பிதழ் அதற்குப் பிறகு அச்சடிப்போம். இணை இயக்குநர் அலுவலகத்துக்கு நாமே கடிதம் எழுதி, எங்களைச் சோதிக்க வாருங்கள் என்று அழைப்போம். குறை சொன்னால் அந்த அறிக்கையை அப்படியே இந்த ஏட்டில் அச்சிடுவோம். வாசலில் ஒட்டியும் வைப்போம். நம் பெயர் கெட்டுப் போகுமே என்று பயப்படும் சகோதரர்கள், நனைந்த தானியத்தை மேலே வைக்கச் சொன்னது யார் என்று நினைத்துப் பார்க்கட்டும்.

மருத்துவம், நர்சிங், லேப் டெக்னீஷியன், பார்மசி படித்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்தில் இருந்தால், ஆணோ பெண்ணோ, இஷா தொழுகைக்குப் பிறகு பெயரைக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஐந்து பேர் கிடைத்தால் போதும். அடுத்த முகாமுக்கு முன் அவர்கள்தான் நம் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். அவர்கள் வேண்டாம் என்றால் அன்று முகாம் நடக்காது. தலைவர் வந்து நின்றாலும் சரி, எம்.எல்.ஏ. வந்து நின்றாலும் சரி. நோட்டும் பேனாவும் பள்ளிவாசல் வாசலில் இருக்கும்.